நாக்குக்கு அடியில் நாலு மாத்திரை

1

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவிலிருந்து ஊருக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் கை, கால், மூக்கு எல்லாம் வைத்துவிடுவார்கள். நானே சொன்னால் அளவோடு இருக்கும்.

போன சனிக்கிழமை, நாற்பத்தாறு வயதான நான், ஒரு ஊரே கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நர்ஸ் கொடுத்த யானைக்கால் தடுப்பு மாத்திரைகளை விழுங்காமல் வாய்க்குள்ளேயே பதுக்கினேன். எடை பார்த்து, உயரம் பார்த்து, எனக்கு மொத்தம் எட்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். நாலு உண்மையிலேயே இறங்கிவிட்டது. மீதி நாலும் நாக்குக்கு அடியில். தண்ணீரைக் குடித்து, தொண்டையை ஏற்றி இறக்கி, போதாததற்கு ஒரு ஏப்பமும் விட்டேன். ஏப்பம்தான் காட்டிக்கொடுத்தது என்று நினைக்கிறேன். மாத்திரைக்கு யாராவது ஏப்பம் விடுவார்களா?

நர்ஸின் பெயர் மெரே. என்னைவிட ஒரு ஜாண் உயரம். டார்ச்சை எடுத்து, "வாயைத் திற" என்றார். திறந்தேன். "நாக்கைத் தூக்கு" என்றார். அதற்குள் மாத்திரை கரைந்து, கசப்பு மூளை வரைக்கும் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாக்கைத் தூக்கினேன். கூடம் முழுவதும் சிரித்தது. முதலில் சிரித்தது யார் என்று எனக்குத் தெரியும். எனக்கு முன்பே விழுங்கிவிட்டுப் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்திருந்த என் மகள்.

மெரே சிரிக்கவில்லை. மடியில் பெரிய நோட்டு, அதில் என் பெயருக்கு நேராகப் பேனா முனை. பேனா இறங்கவில்லை, அப்படியே அந்தரத்தில் நின்றது.

நான் சமாளிக்க, "சிஸ்டர், மாத்திரை அவசரப்படவில்லை, நீங்கள் ஏன் அவசரப்படுகிறீர்கள்?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் ஒரு ஜோக் அடித்தேன்.

"நாக்குக்கு நான் டிக் போடுவதில்லை, மிஸ்டர் எலு. வயிற்றுக்குத்தான் போடுவேன்" என்றார்.

விழுங்கினேன். பேனா இறங்கியது. அவ்வளவுதான் நடந்தது. வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அந்த இடத்தில் வெட்கம் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. தொட்டுப் பார்த்தால் பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது.

2

மிஸ்டர் எலு என்பது நான்தான். அம்மா வைத்த பெயர் ஏழுமலை. இங்கே யாருக்கும் ழகரம் வராது. எண்ணூரிலும் பாதிப் பேருக்கு வராது என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எண்ணூர் காத்திவாக்கத்தில் பிறந்து, காட்டுப்பள்ளியில் கப்பலுக்கு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவனை ஒரு ஏஜெண்ட் பிடித்து, "பிஜி போறியா மாமு? வெல்டருக்கு அங்க ராஜ மரியாதை" என்றான். பிஜி எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. துபாய்க்குப் பக்கத்தில் என்று நினைத்துக்கொண்டு ஏறிவிட்டேன். விமானம் இறங்க இறங்கக் கீழே கடலாகவே இருந்தபோதுதான் லேசாகச் சந்தேகம் வந்தது. அங்கிருந்து இன்னொரு குட்டி விமானம், அதிலிருந்து ஒரு படகு. கடைசியில் இந்தத் தீவு. படகு பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. இரண்டு வருடம் என்று வந்தது பதினான்கு ஆகிவிட்டது.

ராஜ மரியாதை என்றால் இதுதான்: விசா புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி. "குடும்பப் பெயர் என்ன?" குடும்பத்துக்கென்று தனியாகப் பெயர் வைத்துக்கொள்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் வசதி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார்கள். இப்போது என் மனைவி செல்வி, மகள் திவ்யா, நான், எல்லோருமே ஆபீஸ் கணக்குப்படி 'கன்னியப்பன்'. பள்ளிக்கூடத்தில் திவ்யாவைக் 'கன்னி' என்று சுருக்கிக் கூப்பிடுகிறார்களாம்.

திவ்யாவுக்கு வயது பதினான்கு. தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். தோழிகளோடு பேசும்போது தீவுப் பாஷை. நான் அந்தப் பாஷையில் வாயைத் திறந்தால் கையைப் பிடித்து அமுக்கிவிடுவாள். சனிக்கிழமை கூடத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குப் பத்தடி முன்னால் போனாள். வாசலில் நின்று திரும்பி, இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, ஏன் அப்படிச் செய்தீர்கள்?"

"பழக்கதோஷம்மா" என்றேன்.

அவளுக்குப் 'பழக்கதோஷம்' புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

3

இருபத்திரண்டு வயதில் நான் எங்கள் தெருவுக்கு யானைக்கால் மாத்திரைத் தொண்டன். வேலை கிடையாது. தொண்டனாகச் சேர்ந்தால் ஒரு தொப்பி, ஒரு தோள்பை, பயிற்சி நாளன்று பிரியாணி என்று சொன்னார்கள். பயிற்சி காலையில் தொடங்கியது. நான் பிரியாணி நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன்.

மாத்திரை நாளன்று வீடு வீடாகப் போக வேண்டும். நோட்டில் வீட்டுத் தலைவர் பெயர், ஆட்கள், வயது, கடைசியில் ஒரு கட்டம். விழுங்கினால் அதில் டிக். முதலில் தொண்டனே ஜனங்கள் எதிரில் விழுங்கிக் காட்ட வேண்டும். காட்டினேன். சனிக்கிழமை காட்டிய அதே தொண்டை ஏற்ற இறக்கம்தான். அப்போது ஏப்பம் விடவில்லை, இளமை. நாக்குக்கு அடியில் இருந்ததைக் கொஞ்சம் தள்ளிப் போய்த் துப்பிவிட்டேன். காரணம் எல்லாம் பெரிதாக இல்லை. கசப்பு, அவ்வளவுதான்.

தெருவோ என்னை நம்பி விழுங்கிவிட்டது. மறுநாள் தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், தலைசுற்றல், மேல்வலி. அன்றைக்குப் பார்த்துக் கடலில் நல்ல மீன்பாடு. மற்ற தெருக்காரர்கள் கூடை கூடையாக ஏற்றிக்கொண்டிருக்க, எங்கள் தெரு ஆண்கள் போர்வைக்குள் முனகிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு தேசப்பன், ஆறடி ஆள், சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"இன்னா நைனா, மருந்து குடுத்தியா, இல்ல ஆளத் தூக்குறதுக்கு எவன்கிட்டயாவது காண்ட்ராட்டு எடுத்துகினியா?"

"சர்க்காரு மாத்திர அண்ணே..."

"உனுக்கு ஒண்ணும் ஆவலயே! நீ மட்டும் கல்லு கணக்கா கீறயே! அதெப்டி?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதில் நான் துப்பிய இடத்தில் மண்ணோடு கிடந்தது. தேசப்பன் என் தொப்பியைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டார். ஒரு வாரம் தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டினார்கள். நானும் கூடச் சேர்ந்து நடித்தேன். என்னைக் கிண்டல் செய்பவர்களைவிட நான் நன்றாகச் செய்வேன். பிழைப்புக்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

4

அடுத்த வருடமும் பை வந்தது, புதுத் தொப்பி வந்தது. இந்தத் தடவை நான் உஷார். தெருவில் போய், "தபாரு, நம்ம தெருவுக்கு ஸ்டாக்கு வரல, தீர்ந்துபோச்சாம்" என்று சொல்லிவிட்டேன். யாரும் வருத்தப்படவில்லை. தேசப்பன் என் தோளில் தட்டி டீ வாங்கிக் கொடுத்தார். பையை எடுத்துக்கொண்டு கழிமுகத்துப் பக்கம் போய், அட்டை அட்டையாகப் பிரித்துத் தண்ணீரில் கொட்டினேன். அந்த வருடம் எண்ணூர் இறாலுக்கு யானைக்கால் வந்திருக்க வாய்ப்பே இல்லை.

பிறகு வலைக்கொட்டகையில் உட்கார்ந்து, நோட்டைத் தொடைமேல் வைத்து, எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். ஒரே மாதிரி போட்டால் சந்தேகம் வரும் என்று சிலதைச் சாய்த்துப் போட்டேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு தாத்தாவுக்கும் போட்டுவிட்டேன். அவரும் விழுங்கியதாகத்தான் இன்றைக்கும் எங்கோ ஒரு பீரோவில் இருக்கும்.

எங்கள் வீட்டுக் கட்டத்தில் அந்த வருடம் ஒரு பெயர் கூடியிருந்தது. என் அக்கா மல்லிகா. புளியந்தோப்பில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா இறந்துபோய், அந்த வருடம்தான் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். அவள் மட்டும் கேட்டாள்.

"ஏன்டா, அங்க புளியாந்தோப்புல மாத்திர குடுக்கறப்போ எனக்கு ஒடம்பு சரியில்லன்னு வுட்டுட்டாங்க. இங்க எப்பதான்டா வரும்?"

"வரலக்கா. நான் இன்னா பண்றது, ஆபீசுல கீறவன் அனுப்பல."

"உன்னிய தொப்பி போட்டு சுத்த வுட்டுட்டு மாத்திர அனுப்பலயா? நல்லா கீதுடா அவங்க கத."

மல்லிகா என்ற பெயருக்கு நேராகவும் ஒரு டிக். அதை நேராகப் போட்டேனா சாய்த்துப் போட்டேனா என்று ஞாபகம் இல்லை. அதற்கடுத்த வருடமும் இதே கதை, இதே கழிமுகம்.

ஒருவர் விடாமல் மாத்திரை கொடுத்த தெரு என்று எங்கள் தெருவுக்குப் பாராட்டு. மேடையில் கூப்பிட்டு எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். வட்டமாக, நீலச் சட்டம் போட்டது. அக்காவே ஆணி அடித்து மாட்டினாள். இன்றுவரை நிற்காமல் ஓடுகிறது.

5

அக்காவுக்கு முதலில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தது. வந்து வந்து போனது. பிறகு இடது பாதத்தில் வீக்கம். ராத்திரி வீங்கிக் காலையில் வடியும். ஒரு கட்டத்தில் வடிவதை நிறுத்திவிட்டது. அப்போது நான் இங்கே வந்து மூன்று வருடம். போனில்தான் சொன்னாள்.

"டாக்டரு பாத்துட்டு யானக்காலுன்னு சொல்லிட்டாருடா."

பட்டறையில் நின்று ஒரு படகின் ஷாஃப்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "சரிக்கா" என்றேன். போனை வைத்துவிட்டுத் தேய்த்தேன். மேஸ்திரி வந்து கையைப் பிடித்து நிறுத்தும்போது, ஷாஃப்ட் இனி எதற்கும் உதவாது என்கிற அளவுக்கு இளைத்திருந்தது. அழவில்லை. சாயங்காலம் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். செல்வி பொரித்தாள். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

அக்கா காசிமேட்டில் மீன் எடுத்து, அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய் வியாபாரம் செய்தவள். இப்போது வீட்டில் உட்கார்ந்து இறால் உரித்துக் கொடுக்கிறாள். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, மாலையில் ஒரு முறை, கால் கழுவ வேண்டும். சுகாதார நிலையத்தில் ஒரு டப், மக், சோப்பு, துண்டு கொடுத்திருக்கிறார்கள். சோப்பு போட்டு, மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுத்து, களிம்பு தடவி, காலைத் தூக்கி வைக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் வெடிப்பு, வெடிப்பில் சீழ், சீழில் காய்ச்சல். அரை மணி நேர வேலை. அந்த நேரத்தில் அவள் போனை எடுக்கமாட்டாள்.

வீடியோவில் பேசும்போது முகம் மட்டும்தான் காட்டுவாள். தலைக்குப் பின்னால் நீலக் கடிகாரம். "அத்தை ஏன் எப்போதும் உட்கார்ந்தே இருக்கிறார்கள்?" என்று திவ்யா ஒருமுறை கேட்டாள். அவளைப் பொறுத்தவரை அத்தை என்றால் ஒரு முகமும் ஒரு கடிகாரமும்.

கால் பற்றிப் பேச்சு வந்தால் அக்கா ஒரே பாட்டைப் பாடுவாள்.

"அந்த கஸ்மாலம் புடிச்ச ஆபீசுக்காரன் அன்னிக்கி ஒழுங்கா மாத்திர அனுப்சிருந்தா எனக்கு இந்த பேஜாரு உண்டாடா? அவன் கையில புழு வைக்க."

"ஆமாக்கா."

"அவன் இப்போ எங்கியாவது நல்லா சோறு துண்ணுகினு சொகமா இருப்பான்டா."

"இருப்பான்க்கா."

இப்படி நானும் அவளோடு சேர்ந்து என்னைப் பல வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். சில நாள் அவளைவிட நல்ல வார்த்தையாக எடுத்துக் கொடுப்பேன். சிரிப்பாள். அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால் கால் வீங்கியிருக்காது என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லமாட்டார். சொல்லமாட்டார் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டினேன்.

6

நான் வந்த பிறகு இந்தத் தீவில் மாத்திரை கொடுத்தது இதுதான் முதல் தடவை. இங்கே கொடுப்பதே வேறு தினுசு. வாசலில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிற கதை கிடையாது. சர்ச்சுக்குப் பக்கத்துக் கூடத்தில் எல்லோரும் கூடி, முதலில் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் மீன், சேப்பங்கிழங்கு. பிறகு ஊர்த்தலைவர் எழுந்து எல்லோருக்கும் முன்னால் தான் விழுங்குவார். அதன்பின் வீட்டு வரிசைப்படி பெயர் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டு ஆட்கள் மொத்தமாக எழுந்து நின்று விழுங்க வேண்டும். அந்த வீடு முடியாமல் அடுத்த வீடு இல்லை. ஒருவன் பாறைப் பக்கம் மீன் பிடிக்கப் போய்விட்டான் என்று, கூடம் முழுவதும் காத்திருக்க, படகு அனுப்பிக் கூட்டி வந்தார்கள். ஒரு நாள் தொழில் போய்விட்டதே என்று அவன் முனகினான். "உன் கொசு என்னையும் கடிக்கிறது" என்று பக்கத்துக் கிழவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் விழுங்கினான்.

அந்தப் படகு திரும்பி வந்து, அவன் வீடு முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டு முறை வந்தது. அடுத்து நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல். தலைசுற்றல், மேல்வலி, போர்வைக்குள் முனகல். தேசப்பன் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். திங்கட்கிழமை காலை மெரே ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். யார் யாருக்கு உடம்பு படுத்தியது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறார்களாம்.

"செல்விக்கு ஒன்றுமில்லை, மகளுக்கும் ஒன்றுமில்லை. எனக்குத்தான் காய்ச்சல்" என்றேன். "பார்த்தீர்களா சிஸ்டர், என் நாக்குக்கு முன்பே தெரிந்திருக்கிறது."

மெரே எழுதிக்கொண்டே சொன்னார்: "காய்ச்சல் வந்தது நல்லது. உள்ளே புழு இருந்து, அது செத்தால்தான் பெரும்பாலும் இப்படி வரும். ஒன்றும் இல்லாதவர்களை மாத்திரை ஒன்றும் செய்யாது. எந்த ஊரில் நிறையப் பேருக்குக் காய்ச்சல் வருகிறதோ, அந்த ஊரை மட்டும் விடவே கூடாது என்று முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்."

முதல் நாள், காலை வகுப்பில் சொல்லியிருப்பார்கள். எங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். நான்தான் பிரியாணிக்குப் போனேன்.

பாதித் தெரு. பாதித் தெரு போர்வைக்குள் கிடந்தது. தேசப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அத்தனை பேர் ரத்தத்திலும் இருந்திருக்கிறது. இரண்டாவது வருடமும் மூன்றாவது வருடமும் கொடுத்திருந்தால் குறைந்திருக்கும். அக்கா புளியந்தோப்பிலிருந்து நேராக அந்தக் கொசுக்களுக்கு நடுவில் வந்து படுத்தாள். விடவே கூடாத தெருவைப் பார்த்து விட்டிருக்கிறேன். அதற்குத்தான் கடிகாரம்.

படிவத்தில் மெரே அடுத்த கேள்விக்கு வந்திருந்தார். "இந்த மருந்தை இதற்கு முன் சாப்பிட்டிருக்கிறீர்களா? உங்கள் நாட்டில்?"

அங்கே இருக்கும் நோட்டுப்படி மூன்று முறை.

"இல்லை" என்றேன்.

"ஒரு முறை கூட?"

"ஒரு முறை கூட இல்லை. எங்கள் தெருவில் அந்தத் தொண்டன் சரியில்லை."

மெரே கட்டத்தில் ஏதோ எழுதிக்கொண்டு, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். திவ்யா கதவோரம் பள்ளிக்கூடப் பையோடு நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. கிளம்பும்போது, என்றைக்கும் இல்லாமல், தமிழில் "வரேன்ப்பா" என்றாள்.

7

அதே திங்கட்கிழமை, பிற்பகல் ஒரு மணி. ஊரில் காலை ஆறரை. பட்டறைக்குப் போகவில்லை. காய்ச்சல் விட்டிருந்தது. வாசல் படியில் உட்கார்ந்து போனை எடுத்தேன். பேசினால் ஜோக் அடித்துவிடுவேன் என்று தெரியும். அதனால் குரல் பதிவு.

முதல் பதிவில் மழையைப் பற்றிச் சொல்லிவிட்டு அழித்தேன். இரண்டாவதில் கூடத்தில் மாட்டிக்கொண்ட கதையைத் தொடங்கினேன், நன்றாக வந்தது, அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். அதையும் அழித்தேன். மூன்றாவது இது:

"அக்கா, ஸ்டாக்கு வரலன்னு சொன்னேன்ல, ரெண்டு வருஷமும். வந்துச்சுக்கா. எல்லாத்தையும் நான்தான் கழிமுகத்துல கொட்டிட்டேன். ஆபீசுக்காரன் இல்ல. நான்தான்."

அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டிக். இரண்டு டிக். இரண்டும் நீலமாக மாறியது, பிறகு ஓரத்திலிருந்த மைக் படமும். நான் போட்ட டிக்குகளுக்கு இல்லாத நாணயம் இதற்கு இருக்கிறது. கேட்டால்தான் மைக் நீலமாகும். கேட்டுவிட்டாள்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எதிரில் ஒரு கோழி தேங்காய் ஓட்டில் தேங்கிய தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் அந்த ஓட்டைக் கவிழ்த்தேன். இன்னும் நாலைந்து ஓடு கிடந்தது, எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இங்கே பகலிலேயே கடிக்கிற கொசு.

அக்கா பதில் அனுப்பினால் நாலு நிமிடத்துக்குக் குறையாது. மீன் விலை, தண்ணீர் லாரி, தேசப்பன் மருமகள் சண்டை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். ஒன்றரை மணிக்கு, அங்கே ஏழு மணிக்கு, பதில் வந்தது. மூன்று விநாடி. காதில் வைத்தேன். பின்னால் டப்பில் மக் இடிக்கிற சத்தம்.

"கால் கழுவிக்கினு கீறேன், அப்பால பேசு."